கணினி மலிந்தது, வாடகை தொடங்கியது: வாசகர் கேள்வி – பதில்

கணினிப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன. வேலைகள் இணையத்துக்கு இடம் மாறிவிட்ட பிறகு வீட்டிலும் கடையிலும் எப்படிப்பட்ட கணினி வேண்டும், அதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். மடிக்கணினி வாங்கக் கடைக்குப் போனபோது, "இப்போது எல்லாமே க்ளவுடில்தான் சார், பெரிய மெஷின் எதற்கு?" என்று சொல்லி, 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும் உள்ள ஒன்றை 18,000 ரூபாய்க்குக் காட்டினார்கள். என் மைத்துனரோ 50,000-க்குக் குறைந்து வாங்கினால் வீண் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தந்தை, தேனி

பதில்: கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. க்ளவுட் எனப்படும் மேகக் கணிமை என்பது நம் கோப்புகளையும், அவற்றைக் கையாளும் வேலையில் ஒரு பகுதியையும், எங்கோ இருக்கும் தரவு மையத்தின் கணினிகளிடம் ஒப்படைப்பதாகும். மின்னஞ்சல், கூகுள் டாக்ஸ், வங்கிப் பரிமாற்றம் எல்லாம் இப்படித்தான் இயங்குகின்றன. அதனால் நம் முன்னால் இருக்கும் கணினிக்கு வேலையே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில், கூகுள் டாக்ஸைத் திறக்கும்போது அதை இயக்கும் நிரலின் பெரும்பகுதி இணையம் வழியே இறங்கி வந்து, உங்கள் மகளின் மடிக்கணினியில் இருக்கும் உலாவிக்குள்தான் ஓடும். கோப்பு தொலைவில் இருந்தாலும், அதைத் திரையில் வரைந்து காட்டுவதும், தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் உரிய இடத்தில் சேர்ப்பதும் இங்கே நடக்கும் உழைப்பு. இணையவழி வகுப்பில் கேமராக் காட்சியைச் சுருக்கி அனுப்புவதும், மற்றவர்களின் காட்சிகளை விரித்துக் காட்டுவதும் அப்படியே. அதனால்தான் அரைமணி நேர வகுப்புக்குள் மலிவான மடிக்கணினியின் அடிப்பக்கம் சுடத் தொடங்கிவிடுகிறது.

நீங்கள் குறிப்பிட்ட அதே அளவுள்ள மடிக்கணினி ஒன்றை நண்பர் வீட்டில் அண்மையில் பார்த்தேன். உலாவியில் ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்து, ஒரு கட்டுரையைத் தட்டிக்கொண்டிருந்தாள் அவருடைய மகள். விரல்கள் ஒரு சொல்லை முடித்த பிறகும் திரையில் எதுவும் வரவில்லை; சில நொடிகள் கழித்து எழுத்துகள் எல்லாம் ஒரே கும்பலாக வந்து விழுந்தன. கணினியில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகமான ரேம் ஏறக்குறைய முழுதும் நிரம்பியிருந்தது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவே 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பும்தான். கடைக்காரர் காட்டியது சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறது. விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் இடம் பிடித்த பிறகு, மூன்றாண்டுப் படிப்புக்கு அதில் மிஞ்சுவது மிகக் குறைவு.

மைத்துனர் சொல்வதுபோல 50,000-ஐத் தொட வேண்டியதும் இல்லை. இங்கேதான் மேகக் கணிமை உங்களுக்கு உண்மையாகவே உதவுகிறது. வணிகவியல் மாணவிக்குத் தனி கிராஃபிக்ஸ் அட்டை வேண்டாம், 1 டெராபைட் சேமிப்பு வேண்டாம், விலையுயர்ந்த செயலி வேண்டாம். 8 ஜி.பி. ரேமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் (சில்லுகளால் ஆன வேகமான சேமிப்பு) உள்ள நடுத்தர மடிக்கணினி போதும். கடையில் இரண்டு விஷயங்களை மட்டும் விடாமல் கேளுங்கள். சேமிப்பு எஸ்.எஸ்.டி.யா, அல்லது விலை குறைந்த எந்திரங்களில் பலகையோடு ஒட்டி வரும், வேகம் குறைந்த இ.எம்.எம்.சி.யா என்பது ஒன்று; பின்னால் ரேமைக் கூட்ட இடம் இருக்கிறதா என்பது மற்றொன்று. டாலி என்ற கணக்கு மென்பொருளைப் படிக்க வேண்டியிருக்கும் என்பதால் விண்டோஸ் உள்ளதையே வாங்குங்கள். கூகுளின் குரோம் ஓ.எஸ்.ஸில் இயங்கும் குரோம்புக் மடிக்கணினி பல வேலைகளுக்கு நல்ல எந்திரம்தான், ஆனால் டாலியை அதில் நேரடியாக நிறுவ முடியாது.

கேள்வி: கணினி விலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறதே, இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் மலிவாகக் கிடைக்காதா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: நாற்பது ஆண்டுகளாக இந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் பலித்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட முதல் தனிக்கணினியின் அடிப்படை விலை 1,565 டாலர். அதில் இருந்த ரேம் 16 கிலோபைட். 2012-இல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் விலை 35 டாலர். அது உள்ளங்கைக்குள் அடங்கியது. ஆனால் இந்த இறக்கம் எப்போதும் நேர்கோட்டில் போவதில்லை. 2025-இன் பிற்பகுதியில் ரேம் சில்லுகளின் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதே அதற்குக் காரணம். பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்றான மைக்ரான், வீட்டுக் கணினிகளுக்கான தன் குரூஷியல் வகை நினைவகங்களின் விற்பனையை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நம் வேலையை ஏற்றுக்கொண்ட அதே தரவு மையங்கள்தான் நம் மேசைக் கணினிக்கு வர வேண்டிய ரேமையும் இப்போது இழுத்துக்கொள்கின்றன. தேவை இருந்தால் இப்போதே வாங்கிவிடுங்கள். விலை இறங்கும் என்பதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: 1970-களின் நடுவில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு மாணவனாக இருந்தேன். நிரலைத் துளைகளாகப் பதித்த அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கணினி மையத்தில் கொடுத்துவிட்டு, அச்சிட்ட முடிவுக்காக மறுநாள் வரை காத்திருப்போம். ஒரு கால்புள்ளி தவறினால் இன்னொரு நாள் போய்விடும். பிறகு சொந்தக் கணினி வந்தது. விடுதலை கிடைத்ததாக மகிழ்ந்தோம். இப்போது மறுபடியும் எங்கோ இருக்கும் பெரிய கணினியிடமே போய் நிற்கிறோம். இது பழைய இடத்துக்கே திரும்புவது ஆகாதா?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், திருச்சி

பதில்: ஐயா, நீங்கள் அட்டைக்கட்டோடு நின்றது 1973-இல் அங்கு நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 கணினியின் வாசலில் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்வியில் இருக்கும் கவலை எனக்கும் உண்டு. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கணிமையை ஒரு பொதுச் சேவையாக வழங்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. தொலைபேசிச் சேவையைப் போலக் கணிமையும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டு அமைப்பாக ஆகலாம் என்று கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1961-லேயே, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழாவில் பேசினார். அதே ஆண்டில், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையையும் அங்கே இயக்கிக் காட்டினார்கள். பின்னர் 1990-களின் நடுவில் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன், வன்தட்டே இல்லாத, மென்பொருளை வலையிலிருந்து பெற்றுக்கொள்ளும் 500 டாலர் கணினியைப் பெருமுழக்கத்தோடு முன்வைத்தார். அது நிலைக்கவில்லை. நொடிக்கு 28.8 கிலோபிட் மோடம் இருந்த காலம் அது. ஒரு மெகாபைட் கோப்பு வந்து சேர நான்கரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்தியாவில் அப்போதைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்ததே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். எண்ணம் தயாராக இருந்தது; கம்பி தயாராக இல்லை.

2006-இல் அமேசான் மார்ச்சில் சேமிப்பிடத்தையும் ஆகஸ்டில் கணினித் திறனையும் பயன்பாட்டுக்கு ஏற்ற வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியபோதும், 2011 ஜூனில் முதல் குரோம்புக்குகள் விற்பனைக்கு வந்தபோதும், கம்பியும் வந்துவிட்டிருந்தது; வேறொரு பெரிய மாற்றமும் நடந்திருந்தது. உங்கள் காலத்தில் கணினி அரிதாக இருந்ததால் அதைப் பகிர்ந்துகொண்டீர்கள். இன்று ஒருவரிடமே கைப்பேசி, மடிக்கணினி, அலுவலகக் கணினி என்று மூன்று இருப்பதால், மூன்றுக்கும் பொதுவான ஓர் இடத்தில் கோப்பு இருக்க வேண்டியதாகிறது. தரவு மையங்களும் ஒற்றைப் பெருங்கணினிகள் அல்ல. நம் மேசைக் கணினியின் உறவினர்களான ஆயிரக்கணக்கான எந்திரங்களை அடுக்கி, ஒவ்வொன்றையும் மென்பொருளால் பல பங்காகப் பிரித்து வாடகைக்கு விடுபவை. கணினி மலிந்ததால்தான் மேகமே பிறந்தது. அந்த வகையில் இது பழைய இடம் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் காலமே மேலானது, ஐயா. எந்திரம் நிறுவனத்துடையது, அட்டைக்கட்டு உங்களுடையது. வேலை முடிந்ததும் அந்தக் கட்டு அச்சுத்தாளோடு உங்கள் கைக்குத் திரும்பி வந்தது. நீங்கள் அதை அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. இன்று எந்திரத்தோடு சேர்த்து அட்டைக்கட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். நான் மேகச் சேவைகளைத் தினமும் பயன்படுத்துகிறவன், அவற்றால் பெருநன்மை அடைந்தவன். ஆயினும் எந்தச் சேவையில் சேரும்போதும் முதலில் நான் பார்ப்பது, என் கோப்புகளை முழுமையாக, வேறு எந்திரத்தில் திறக்கக்கூடிய வடிவத்தில், வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பதைத்தான். கூகுள் போன்றவை அந்த வழியைக் கொடுக்கின்றன, கொடுக்காதவையும் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாக டி.டி.பி. வேலைக்குப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளையே பயன்படுத்துகிறோம். ஆறு கணினிகள், சிலவற்றில் விண்டோஸ் 7, சிலவற்றில் 10. விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுவிட்டதால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். க்ளவுடுக்கு மாறிவிட்டால் புதுக் கணினிகளே தேவையில்லை என்று ஒரு நிறுவனத்தார் நேரில் வந்து சொன்னார்கள். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாவதற்குள் மாற்றிவிடலாமா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: ஆடிப்பெருக்குக்குள் மாற்றவே மாற்றாதீர்கள். ஆல்பம் வெளியாகும் வரை ஓடுகிற எந்திரங்களில் கை வைக்காமல், கோப்புகளுக்கு மட்டும் ஒரு வன்தட்டில் முழு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது உண்மை. எந்திரம் அதனால் நின்றுவிடாது. இணையத்தில் இணைந்திருக்கும்போது ஆபத்து நாளுக்கு நாள் கூடும். விண்டோஸ் 7-க்கு அந்த நிலை 2020-லேயே வந்துவிட்டது. உங்கள் பழைய கணினிகள் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் 11 ஏறாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லை அது கேட்கிறது. ஆனால் உங்கள் உண்மையான சிக்கல் விண்டோஸ் அல்ல, எழுத்துரு.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். எல்லாக் கணினியும் கைப்பேசியும் இன்று பொதுவாக ஏற்றுள்ள எழுத்துக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) அமைந்த தமிழை அது அறியாது. நீங்கள் பயன்படுத்தும் பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. அவற்றில் ஒன்றான பாமினியின் முறையில் 'அம்மா' என்று நீங்கள் தட்டியிருந்தால், கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது 'அம்மா'. இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். மேகத்தில் இருக்கும் கணினியில் அந்த எழுத்துருவையும் அந்தப் பழைய மென்பொருளையும் ஏற்ற அனுமதி கிடைக்குமா என்று அந்த நிறுவனத்தாரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் தமிழ் மென்பொருள் டாங்கிள் (உரிமத்தைக் காட்டக் கணினியில் செருகும் சிறு கருவி) செருகினால்தான் ஓடும் என்றால் அதையும் சொல்லுங்கள். மேகத்தில் இருக்கும் எந்திரத்தில் போய் டாங்கிளைச் செருக முடியாது, இங்கே செருகியதை அங்கே காட்டும் ஏற்பாடு பழைய டாங்கிள்களோடு ஒத்துழைக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

அடுத்தது கோப்பின் எடை. நான்கு வண்ணக் காலண்டருக்கான ஒரு கோப்பு எளிதாக 1 ஜி.பி. வரும். இணைய இணைப்பை விற்பவர்கள் சொல்லும் 100 எம்.பி.பி.எஸ். பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் 10 ஆக இருந்தால், 1 ஜி.பி. போய்ச் சேர 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். அச்சுத் தட்டு எடுக்க ஆள் வாசலில் நிற்கும்போது அந்தப் பதின்மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே என் யோசனை இது. பழைய கணினிகளில் நல்ல நிலையில் உள்ள இரண்டை இணையத்திலிருந்து முற்றிலும் துண்டித்து, பழைய கோப்புகளைத் திருத்தி மறுபதிப்புச் செய்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றிரண்டு நல்ல கணினிகளை வாங்கி, புதிய வேலைகளை ஒருங்குறியில் தொடங்குங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. இனி வாடிக்கையாளர் கைப்பேசியில் தட்டி அனுப்பும் செய்தியும் அதில்தான் வரும். பழைய கோப்புகளை மாற்றியாகத்தான் வேண்டும் என்றால், எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் கொம்பு உள்ள எழுத்துகளில் கண் வைக்க வேண்டும். பழைய முறையில் கொம்பு முன்னால் தட்டப்பட்டது, ஒருங்குறியில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. 'கௌரி' என்ற பெயர் பல நேரங்களில் ககரத்துக்கு அடுத்துத் தனி ளகரத்தோடு 'கெளரி' என்று மாறியிருக்கும். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கோப்பில் தேடினால் கிடைக்காது.

மாத வாடகைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அடோபி நிறுவனம் 2013-இல் தன் வடிவமைப்பு மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியதிலிருந்து, ஒருமுறை வாங்கிப் பத்தாண்டு ஓட்டும் வழக்கம் முடிந்துபோனது. ஆறு கணினிகளுக்கு ஐந்தாண்டுச் சந்தா எவ்வளவு என்று பெருக்கி, அதோடு மேகக் கணினியின் வாடகையையும் கூட்டுங்கள். வந்த நிறுவனத்தார் ஒரு மாதத்துத் தொகையைத்தான் சொல்லியிருப்பார்கள். வாடிக்கையாளருக்கு மெய்ப்பு அனுப்ப, ஒப்புதல் பெற, கணக்கு வைக்க, கோப்புகளின் இரண்டாம் நகலைக் காப்பாற்ற மேகம் மிகப் பொருத்தம். பக்கம் கட்டுவதும் தட்டு எடுப்பதும் உங்கள் கூரைக்குக் கீழேயே நடக்கட்டும்.

கேள்வி: அரசு கொடுத்த பழைய மடிக்கணினி பரணில் கிடக்கிறது. 2 ஜி.பி. ரேம். திறந்தால் பத்து நிமிடம் சுற்றுகிறது. என் மகன் ஆறாம் வகுப்பு. இதை ஏதாவது செய்ய முடியுமா?
– இல்லத்தரசி, பண்ருட்டி

பதில்: முடியும் அம்மா, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய கணினிகளுக்காகக் கூகுள் இலவசமாகத் தரும் இயங்குதளமான குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் 4 ஜி.பி. ரேம் கேட்கும். உங்கள் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, காலி இடம் இருந்தால் பழைய டி.டி.ஆர்.3 வகை ரேம் 2 ஜி.பி. சேர்த்துக்கொள்ளலாம், கணினி பழுது பார்க்கும் கடைகளில் பழையது கிடைக்கும். வன்தட்டை எடுத்துவிட்டுச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றமே அந்தப் பத்து நிமிடத்தை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடும். பிறகு லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவினால், தட்டச்சுப் பழகவும் சிறுவர்களுக்கான ஸ்க்ராட்ச் மொழியில் நிரல் எழுதவும் பாடக் காணொளி பார்க்கவும் போதும். மின்கலம் செத்திருந்தால் கவலை வேண்டாம், மின்கம்பியிலேயே ஓடட்டும். உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு. செயற்கை நுண்ணறிவு புராஜெக்டுக்காக ஒன்றரை லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப் கேட்கிறேன், அப்பா தயங்குகிறார். க்ளவுடிலேயே செய்துகொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கேமும் க்ளவுடிலேயே ஆட முடியுமா?
– மாணவர், கோவை

பதில்: உங்கள் சீனியர்கள் சொல்வது சரி தம்பி, அப்பாவின் தயக்கமும் சரி. தினமும் வேலைக்குப் போக வண்டி வாங்குகிறோம். வீடு மாறும் நாளில் மினி லாரியை வாடகைக்குத்தான் எடுக்கிறோம். செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றைப் பயிற்றுவிக்க ஆற்றல் மிக்க கிராஃபிக்ஸ் செயலி சில மணி நேரமே தேவைப்படும். கூகுள் கொலாப் என்ற மேகச் சேவை வரம்புக்கு உட்பட்டு அதை இலவசமாகவே தருகிறது. மேலும் வேண்டுமானால் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். வேலை முடிந்ததும் அணைக்க மறக்காதீர்கள். ஓடவிட்டுத் தூங்கிப்போய், காலையில் எழுந்து கட்டணத்தைப் பார்த்துக் கலங்கிய மாணவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

விளையாட்டு வேறு கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தரவு மையத்துக்குப் போய்வரவே 10 மில்லி நொடி ஆகும். வழியில் இருக்கும் கருவிகள், காட்சியைச் சுருக்கி விரிக்கும் நேரம் எல்லாம் அதற்கு மேல். நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான். எனவே நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையே விரலுக்குத் தெரியும் தாமதம் வரும். சதுரங்கத்துக்கு இது ஒரு பொருட்டல்ல. சுடும் விளையாட்டுக்குப் பெரும் பொருட்டு. 2019 நவம்பரில் ஸ்டேடியா என்று இதைத் தொடங்கிய கூகுள், போதிய ஆட்கள் சேராததால் 2023 ஜனவரி 18 அன்று மூடியது. விளையாட்டுகளுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தந்தது. எல்லா நிறுவனமும் அப்படித் திருப்பித் தரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: தொலைக்காட்சிப் பெட்டியே கணினியாகிவிடும் என்று விளம்பரம் பார்த்தேன். உண்மையா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உண்மைதான். ஜியோ நிறுவனம் 2025-இல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. அதன் செட்டாப் பெட்டியில் விசைப்பலகையையும் மவுஸையும் இணைத்தால், தொலைவில் இயங்கும் கணினி ஒன்று உங்கள் தொலைக்காட்சியில் தெரியும். மைக்ரோசாஃப்ட் 2021-இலிருந்தே நிறுவனங்களுக்கு இத்தகைய மேகக் கணினியை மாத வாடகைக்குத் தருகிறது. கணினியே இல்லாத வீட்டில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள இது நல்ல நுழைவாயில். இணையம் நின்றால் கணினியும் நின்றுவிடும் என்பதையும், மாதத் தொகை கட்டாமல் விட்டால் அதில் சேமித்த கோப்புகள் எத்தனை நாள் இருக்கும் என்பதையும் சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே தொலைக்காட்சி என்றால், தொடர் பார்க்கும் நேரமும் வீட்டுப்பாட நேரமும் மோதும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். குடும்பப் படங்களை எல்லாம் க்ளவுடில் போட்டுவிட்டால் போதும், அல்பங்களும் பழைய கணினியும் இடத்தை அடைக்க வேண்டாம் என்கிறார்கள். 2022-இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது இணையமும் இல்லாமல் இருந்தவள் நான். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் பயம் நியாயமானதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: நியாயமானது அம்மா. மேகம் என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அது வானத்தில் இல்லை, ஏதோ ஓர் ஊரில் இருக்கும் கட்டடத்தில் இருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் தரவுகளை இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் மின்கலங்களிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் பணிக் கோப்புகள் 858 டெராபைட் அதில் போயின. அளவு மிகப் பெரிது என்று வெளியே நகல் எடுக்காமலே இருந்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் படச் சேமிப்புச் சேவைகள் ஒரே கோப்பைப் பல இடங்களில் வைப்பதால், உங்கள் படங்கள் தீயில் போகும் வாய்ப்பு மிகச் சிறிது. அதைவிடப் பெரிய ஆபத்து கடவுச்சொல்லிலும் கைப்பேசி எண்ணிலும் இருக்கிறது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தந்தை பதினோர் ஆண்டுகளாகத் தன் கைப்பேசியில் எடுத்த படங்கள் எல்லாம் ஓர் இணையச் சேமிப்பில்தான் இருந்தன. அவர் மறைந்த பிறகு, அந்தக் கைப்பேசி எண்ணுக்கு யாரும் பணம் போடவில்லை. அது நினைவிலேயே இல்லை. முதலாண்டுத் திதிக்குப் படம் எடுக்கலாம் என்று உட்கார்ந்தபோது, கடவுச்சொல் தெரிந்தும், சரிபார்ப்பு எண்ணை அவருடைய கைப்பேசிக்கே அனுப்புவதாகத் திரை சொன்னது. அந்த எண்ணை அழைத்தேன். வேறு யாரோ ஒருவர், "யாருங்க வேணும்?" என்று கேட்டார். எண் அவருக்குக் கொடுக்கப்பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் படங்கள் இன்று வரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மாவிடம் அச்சிட்டு வைத்திருந்த பதினேழு படங்கள்தான் மிச்சம்.

ஆகவே அல்பங்களை எடுத்துப் போடாதீர்கள். இடத்தை அடைத்தால் அடைக்கட்டும். பிள்ளைகள் சொல்வதையும் தள்ள வேண்டாம், மேகத்திலும் ஒரு நகல் இருக்கட்டும். போர்க்காலத்தில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, வெளியே இணைக்கும் வன்தட்டுகள் இரண்டு வாங்கி, ஒன்றை உங்கள் அலுமாரியிலும் மற்றொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது இணைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும் வன்தட்டு கடைசியில் திறக்காமல் போவதுண்டு.

கூகுளில் வைத்திருந்தால், கணக்கு நீண்ட நாள் பயன்படுத்தப்படாவிட்டால் யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. ஆப்பிளிலும் நமக்குப் பின் கணக்கைத் திறக்கும் உரிமையுள்ள மரபுத் தொடர்பாளர் ஒருவரை நியமிக்கலாம். இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கி வருவதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளைகளில் ஒருவரின் எண்ணையும் மீட்பு எண்ணாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர்கள் ஊருக்கு வரும்போது, பழைய அல்பங்களை நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து, கோப்புகளுக்குக் கேமரா தரும் எண்களை அப்படியே விடாமல், படத்தின் பின்புறம் நீங்கள் மையால் எழுதி வைத்திருக்கும் ஆண்டையும் ஊரையும் ஆட்களின் பெயரையும் தமிழிலேயே பெயராக இடுங்கள். யார் யார் என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அதைச் செய்து முடித்துவிடுங்கள்.